ஆணழகன் குடித்த மாவு

ஜூன் 3, திங்கள்

அண்ணன் இன்று ஒரு டப்பா வாங்கி வந்தான். பிறந்த குழந்தையைத் தூக்கி வருவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினான். டப்பாவின்மேல் சட்டையில்லாத ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறான். மூச்சை விட்டால் வயிறு வெளியே வந்துவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. 'வலிமை இயற்கைப் புரோட்டீன் பவுடர். உங்கள் தினசரிப் புரதத் தேவைக்கு' என்று எழுதியிருக்கிறது.

"ஜூலை பதினாலு மாவட்டப் போட்டிம்மா. இத குடிச்சாத்தான் சதை ஏறும்னு மாஸ்டர் சொல்லுதாரு" என்றான்.

போட்டியின் பெயர் ஆணழகன். என் அண்ணன் கனிராஜுக்கு வயது இருபத்திரண்டு. கோவில்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மீதி நேரம் ஜிம்மில் இரும்பைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைக்கிறான். வீட்டில் எங்களோடு பேசுவதைவிடக் கண்ணாடியோடு அதிகம் பேசுவான்.

அம்மா டப்பாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வளர்பிறைத் திங்கக்கெழம தொடங்குய்யா ராசா" என்றாள். அவனும் அதைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குக் கீழே வைத்தான். பழனி முருகனும் அந்தச் சட்டையில்லாதவனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

ஜூன் 5, புதன்

அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அண்ணன் ஆட்டோவில் இறக்கிவிட்டு, லோடு இருக்கிறது என்று போய்விட்டான்.

கர்ப்பப்பையில் இருக்கும் கட்டியை எடுக்க வேண்டும். ஆனால் இப்போது எடுக்க மாட்டார்களாம். ரத்தம் குறைவு, புரதம் குறைவு, எடை 39.4. "இந்த உடம்புல கத்தி வச்சா தையல் ஆறாதும்மா. ஆறு வாரம் தர்றேன், தேறி வாங்க. ஜூலை பதினேழு பாப்போம். ரொம்பத் தள்ளிப்போடவும் முடியாது, இப்படியே ரத்தம் போய்க்கிட்டு இருந்தா ஆபத்து" என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பிறகு சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் மேடத்திடம் அனுப்பினார்கள். அவர் அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். எனக்கு அது பிடிக்காது. யாராவது நேராகப் பார்த்துப் பேசினால் நான் தரையைத்தான் பார்ப்பேன்.

"நீதான் சமைக்கிறியா? தினம் அம்பது கிராம் புரதம் போகணும் அம்மாவுக்கு. முட்டை, மீன், பயறு. கிட்னி நல்லாத்தான் இருக்கு, பயமில்ல. சாப்பிட முடியலன்னா நல்ல இயற்கையான புரோட்டீன் பவுடர் வாங்கி, கஞ்சியில, மோர்ல கலந்து குடு. என்ன, புரியுதா? எத்தனாவது படிக்கிறே?"

தலையை ஆட்டினேன். எந்தக் கேள்விக்கு ஆட்டினேன் என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

"நீயும் மிஷின்ல ஏறும்மா. குச்சி மாதிரி இருக்கே."

நான் நோயாளி இல்லை. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஜூன் 7, வெள்ளி

மேடம் கொடுத்த தாளைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். காலையில் இரண்டு இட்லி. மதியம் ரசம் சோறு, அதுவும் பாதியை ஒதுக்கிவிடுவாள். சாயங்காலம் கடுங்காப்பி. இரவு மோர் சோறு. எல்லாம் சேர்த்துப் பதினெட்டு கிராம் வருகிறது. முட்டையைக் கொடுத்தேன். வாடை பட்டதுமே குமட்டி, வாசலுக்கு ஓடினாள். மீனைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். பாசிப்பயறு நாலு கரண்டி வைத்தால் ஒரு கரண்டிதான் இறங்குகிறது.

சாமி படத்துக்குக் கீழே ஒரு கிலோ புரதம் நல்ல நாளுக்காகக் காத்திருக்கிறது.

"அந்தப் பொடியில ஒரு கரண்டி குடிச்சுப் பாரும்மா" என்று கேட்டேன்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? அது எம்புள்ளைக்கு வாங்கினது. மேடையில நிக்கப் போறவன் வாயில மண்ணப் போடச் சொல்லுதியா? நான் எதுக்கு இனிமே சதை போட்டு?" என்று என்னைத்தான் திட்டினாள்.

அண்ணன் அங்கேயேதான் இருந்தான். டம்பெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு நாளாவது அம்மாவின் எடை என்ன என்று கேட்டிருக்கிறானா? தன் கையைச் சுற்றி மட்டும் தினமும் டேப் பிடிப்பான்.

ஜூன் 10, திங்கள்

ஆணழகன் டப்பாவைத் திறந்தான். சூடம் காட்டாததுதான் குறை. உள்ளே சாக்லேட் வாசனை. இரண்டு கரண்டி போட்டு, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி வாசலில் நின்று குலுக்கினான். குடித்து முடித்ததும் கண்ணாடியில் கையை மடக்கிப் பார்த்தான். அதற்குள் ஏறிவிட்டதா என்று.

ஜூன் 11, செவ்வாய்

நான் திருடவில்லை. இடம் மாற்றினேன்.

அவன் டப்பாவில் இருந்ததை முழுக்க எவர்சில்வர் தூக்குவாளியில் கொட்டி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். டப்பாவை என் மாவால் நிரப்பினேன். வறுத்த கடலை, பொட்டுக்கடலை, ஏலக்காய். மேலாகக் கொஞ்சம் அவனுடைய சாக்லேட் பொடியைத் தூவினேன்.

கடலை என் கம்பெனியிலிருந்து வருகிறது. நான் கடலைமிட்டாய் கம்பெனியில் வேலை செய்கிறேன். வறுத்த கடலையைத் தோல் நீக்கிப் புடைப்போம். உடைந்த பருப்பு மிட்டாய்க்கு ஆகாது. சனிக்கிழமை அந்த உடைசலை எங்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். முன்பெல்லாம் நான் அதைத்தான் வாரம் முழுக்க மதியத்துக்கு வைத்துக்கொள்வேன். இப்போது எனக்குக் கடலையே பிடிக்கவில்லை. நாள் முழுக்க அந்த வாடையிலேயே இருப்பதால் அப்படித்தான் ஆகும்.

அம்மாவிடம், அடுத்த வீட்டுப் பேச்சியக்கா குழந்தைக்குப் பால்வாடியில் தரும் சத்துமாவு மிச்சம் என்று சொன்னேன். "ஓசி மாவா? அப்ப குடு" என்று குடித்தாள். காலையில் ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி. கரண்டிக்குப் பதினைந்து கிராம். பாதியில் அந்தச் சாக்லேட் வாசனையால் குமட்டியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு முடித்துவிட்டாள்.

ஜூன் 12, புதன்

ஆணழகன் என் மாவைக் குடித்தான். ஒரு வாய் குடித்து, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். நான் அரிசிப் பானைப் பக்கம் நகர்ந்து அதன் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பிறகு மடமடவென்று குடித்துவிட்டு, "அடியில தங்குதே, நல்லா குலுக்கணும் போல" என்றான்.

இருபத்திரண்டு வயது. பொட்டுக்கடலைக்கும் பவுடருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இவன் நாக்கை அறுத்துக் காக்காய்க்குப் போட்டாலும் காக்காய் ஏமாந்துதான் போகும்.

ஜூன் 16, ஞாயிறு

முட்டையில் வெள்ளைக்கருதான் புரதமாம், மஞ்சள் கொழுப்பாம். தினமும் மூன்று முட்டை அவித்து வெள்ளையை மட்டும் தின்கிறான். மஞ்சளை என் தட்டில் தள்ளிவிடுகிறான். நான் என்ன குப்பைத் தொட்டியா?

"வேண்டாம்ண்ணே" என்றேன்.

"கொட்டுனா எறும்பு வரும். தின்னு" என்றான்.

எறும்பு வரக் கூடாது என்பதற்காகத் தின்றேன்.

ஜூன் 19, புதன்

அம்மா 40.1.

மேடம் தாளைப் பார்த்துவிட்டு, "என்னம்மா குடுக்கிறே?" என்று கேட்டார். "பவுடர்" என்றேன். நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. "கெட்டிக்காரி" என்றார். வீடு வரும்வரை காது சூடாகவே இருந்தது.

ஆஸ்பத்திரித் தாளை டி.வி. மேல் வைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அண்ணன் அந்த டி.வி. முன்னால்தான் உட்கார்ந்தான். என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

பெரிய தப்பு நடந்துவிட்டது.

நேற்று டப்பாவில் மாவு குறைந்திருந்ததால் புதிதாக அரைத்தேன். அதற்கு முந்தின நாள் அதே மிக்ஸி ஜாரில் இட்லிப் பொடிக்கு வற்றல் மிளகாய் அரைத்திருந்தேன். கழுவினேன். ஆனால் பிளேடுக்கு அடியில் ஒட்டியிருந்ததைப் பார்க்கவில்லை. கம்பெனியில் இரண்டு முறை துடைத்துக் காட்டாமல் எந்தப் பாத்திரத்தையும் கையில் எடுக்க மாட்டேன். வீட்டில் கோட்டைவிட்டேன்.

காலையில் அண்ணன் அம்மா முன்னால் உட்கார்ந்து குடித்தான். முதல் மிடறிலேயே காது சிவந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. முடிந்தது, டப்பாவைத் தூக்கிக் கொட்டப் போகிறான், அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும், இனிமேல் சத்துமாவைக்கூடக் கையால் தொட மாட்டாள் என்று நினைத்தேன்.

"என்னய்யா, கண்ணு கலங்குது?" என்றாள் அம்மா.

அவன் முழுப் பாட்டிலையும் குடித்து முடித்தான். இருமினான். "கொழுப்பு கரையறதுக்கு மிளகு சேத்திருக்கானுங்கம்மா. புது டைப்பு. மாஸ்டர் சொன்னாரு."

மிளகாம். கம்பெனியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குப் போனேன். இந்த வீட்டில் மூளை எல்லாம் யாருக்குப் போயிற்று என்று இன்று தெரிந்தது. மாவை அப்படியே கொட்டிவிட்டுப் புதிதாக அரைத்து டப்பாவை நிரப்பி வைத்தேன்.

ஜூன் 26, புதன்

தூக்குவாளியில் இன்னும் ஒரு நாளைக்குத்தான் அம்மாவுக்குப் பவுடர் இருக்கிறது. என்ன செய்வது என்று நாள் முழுக்க யோசனை. புடைக்கும்போது கை தவறிச் சுளகைக் கீழே போட்டுவிட்டேன்.

ஜூன் 27, வியாழன்

சாயங்காலம் ஆணழகன் இன்னொரு டப்பாவோடு வந்தான். "பழசு தீந்துபோச்சுல்லா" என்றான். அவன் டப்பாவில் பாதிக்கு மேல் மாவு இருக்கிறது! திறந்துகூடப் பார்க்காமல் போய் வாங்கியிருக்கிறான். அதுவும் இந்த முறை வாசனையே இல்லாத வகை. சாக்லேட் இல்லை, வெனிலா இல்லை, ஒன்றும் இல்லை. கடைக்காரன் விற்காத சரக்கை இவன் தலையில் கட்டிவிட்டான்.

"பிரிச்சு வையிட்டி தங்கம். எனக்கு அந்தத் தாளு கிழிக்க வராது" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஐம்பது கிலோ தூக்குகிறவனுக்கு வெள்ளித்தாள் கிழிக்க வரவில்லை.

எனக்கு வசதியாகப் போயிற்று. பவுடர் தூக்குவாளிக்குப் போயிற்று, என் மாவு புது டப்பாவுக்குப் போயிற்று. அம்மாவும் குமட்டாமல் குடிக்கிறாள். முட்டாள் ஒருவன் வீட்டில் இருந்தால் சில காரியம் சுலபமாக முடிகிறது.

ஜூலை 1, திங்கள்

பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஊக்கு குத்தினேன்.

ஜூலை 3, புதன்

அம்மா 41.3. நடக்கும்போது சுவரைப் பிடிக்கவில்லை.

புது டப்பாவில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று இன்றுதான் படித்துப் பார்த்தேன். சோயா, பால் பொடி, பாசிப்பயறு, நிலக்கடலை. நிலக்கடலை! என் உடைசலைத்தான் இவர்களும் அரைக்கிறார்கள், சட்டையில்லாதவன் படத்தை ஒட்டி. ஆனால் கரண்டிக்குப் பதினைந்து கிராம் என் மாவில் வராது. அதில் ஏழுதான். அந்த வித்தியாசம் அம்மாவுக்குப் போகிறது. ஆணழகன் ஏழில் வளர்ந்தால் போதும்.

மேடம், "ஸ்கூலுக்குத் திரும்பப் போகலாம்ல நீ?" என்று கேட்டார். எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காது. அதனால்தான் ஒன்பதாம் வகுப்பில் நின்றேன். அக்டோபர் மாதம். அம்மாவுக்கு முதலில் ரத்தம் போக ஆரம்பித்ததும் அந்த அக்டோபரில்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

ஜூலை 10, புதன்

வறுக்கும் இடத்தில் வெக்கை தாங்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கடலை மூட்டைமேல் கொஞ்ச நேரம் சாய்ந்துகொண்டேன். மேஸ்திரி, "மதியம் என்ன சாப்பிட்டே?" என்று கேட்டார். "சாப்பிட்டேன்" என்றேன்.

எப்படித் தெரிந்ததோ, சாயங்காலம் அண்ணன் கம்பெனி வாசலில் ஆட்டோவோடு நின்றான். எல்லாரும் பார்த்தார்கள். கை இல்லாத பனியனோடு வந்திருந்தான். மானம் போயிற்று.

"ஏறு" என்றான். வழியில் நிறுத்தி ஒரு டம்ளர் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தான். "எனக்குச் சீனி ஆகாது, போட்டி வருது. வாங்கினத வீணாக்காம குடி" என்றான். சீனி ஆகாதவன் எதற்கு வாங்குகிறான்?

ஜூலை 14, ஞாயிறு

அம்மாவால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்பதால் போட்டி பார்க்க என்னை அனுப்பினாள். "வந்து ஒண்ணு விடாமச் சொல்லணும்" என்று உத்தரவு. கல்யாண மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் நின்றேன். பெண்கள் என்று நானும், யாரோ ஒரு ஆணழகனின் மனைவியும்தான்.

ஏழு பேர். உடம்பெல்லாம் எண்ணெய் தடவி, அதன்மேல் பழுப்புச் சாயம் பூசி, பொரித்த வாளைமீன் மாதிரி வரிசையாக வந்தார்கள். பாட்டுப் போட்டதும் ஒவ்வொருவனாக முதுகைக் காட்டினான், தொடையை ஆட்டினான், பல்லை இளித்தான். எவனுக்கும் வெட்கமே இல்லை. என்னை ஒரு நிமிடம் அப்படி நிற்கச் சொன்னால் செத்துப்போவேன்.

அண்ணன் மூன்றாவதாக வந்தான். அவனும் இளித்தான். மற்றவர்களுக்குப் பக்கத்தில் அவன் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தான். நெஞ்சில் அந்த ஏற்றம் இல்லை. எனக்கே தெரிந்தது.

ஐந்தாவது இடம். மூன்று பேருக்குத்தான் கோப்பை.

பின்பக்கம் மாஸ்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "என்னலே இது? கை இருக்கு, நெஞ்சு எங்க? நான் சொன்ன பவுடரக் குடிச்சியா இல்லியா?"

"குடிச்சேன் மாஸ்டர்."

"பொய் சொல்லாத. குடிச்சவன் உடம்பா இது?"

"ரெண்டு டப்பா குடிச்சேன் மாஸ்டர். என் உடம்புவாகு அப்படி."

நான் அங்கே நிற்கவில்லை. வெளியே வந்துவிட்டேன். எங்கள் தெருவைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். காலையில் ஒன்றும் சாப்பிடாததுதான் காரணம்.

அம்மாவிடம், "நல்லா நின்னான்" என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

நாளை ஆஸ்பத்திரி. அம்மாவின் பழைய சீட்டு ஒன்று காணவில்லை. எல்லா இடமும் தேடினேன். அண்ணனின் ஜிம் பையிலும் தேடினேன். அவன் பையில் இருக்காதுதான். ஆனால் அங்கேதான் இருந்தது, ஒரு நாற்பது பக்க நோட்டுக்குள்.

நோட்டில் ஜிம் கணக்கு. எத்தனை தடவை தூக்கினான், என்ன தின்றான், எவ்வளவு புரதம். மாஸ்டர் எழுதச் சொல்வாராம். எழுத்தெல்லாம் கோழி கிளறியதுபோல இருந்தது.

ஜூன் 10: பவுடர் 2 கரண்டி, 30 கி.

ஜூன் 12: டப்பா மாறிருக்கு. கடல மாவு 2 கரண்டி, 14 கி. அம்மா ரெண்டு வேள குடிக்கி. சொல்லக் கூடாது. சொன்னா அம்மா நிப்பாட்டிரும்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 23: மிளகா. குடிச்சாச்சு.

ஜூன் 27: வாசம் இல்லாதது கேட்டு வாங்கியாச்சு. மூணு கட ஏறி எறங்கி.

ஓரத்தில் கோடு போட்டுத் தனியாக எழுதியிருந்தான். அம்மா 39.4. அம்மா 40.1. அம்மா 41.3. அதற்குக் கீழே, ஜூலை 17க்கு நேராக இடம் விட்டிருந்தான்.

அதற்கும் கீழே:

தங்கம். மஞ்சக்கரு 3, 8 கி. மதியம் சாப்பிடல. எட

'எட' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதன்மேல் திரும்பத் திரும்பப் பேனாவை ஓட்டியிருந்தான். தாள் கிழிகிற அளவுக்கு.

நோட்டை எடுத்த மாதிரியே வைத்தேன். பிறகு இந்த டைரியில் நான் மேலே எழுதியிருக்கும் பக்கங்களையெல்லாம் ஒரு தடவை படித்தேன். கிழிக்கலாமா என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

ஜூலை 17, புதன்

அம்மா 42. ரத்தம் பத்துக்கு மேல். புரதமும் போதுமாம். டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை வந்து சேந்துருங்க. செவ்வாக்கிழமை ஆபரேஷன்" என்றார்.

"அப்படி என்ன மாவும்மா அது?" என்று மேடம் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, "பால்வாடி மாவு தாயி. ஓசிதான்" என்றாள். மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு அவர் சொல்லாமலே நான் மிஷினில் ஏறினேன். செருப்பைக் கழற்றிவிட்டு.

முள் ஆடி நின்றது. மேடம் குனிந்து அதை இன்னொரு முறை பார்த்தார். "உனக்கும் ஒரு தாள் எழுதணும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து நோட்டை எடுத்தேன். ஜூலை 17க்கு நேராக 42 என்று எழுதினேன். கீழே அந்தக் கேள்விக்குறியை அடித்துவிட்டு 33.8 என்று எழுதினேன். என் எழுத்து எது என்று அவனுக்குத் தெரியும். அந்த அளவுக்கு மடையன் இல்லை.

ஜூலை 18, வியாழன்

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது என் தட்டில் மூன்று முட்டை இருந்தது. முழு முட்டை, வெள்ளையோடு. பக்கத்தில் அவனுடைய குலுக்குகிற பாட்டில், வாசனையில்லாத பவுடர் கலந்தது. அவன் அதற்குள் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

முட்டை அவிக்கக்கூடத் தெரியவில்லை. ஒன்று வெடித்து வெள்ளை வெளியே வந்திருந்தது. ஒன்று உள்ளே வேகவே இல்லை. உப்பு வைக்கவில்லை. பாட்டிலில் மாவு கட்டி கட்டியாக நின்றது.

எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.